துயிலாத் துயில்

நுழையும்முன்

சங்கிலியில் ஊசலாடும் கடிகாரம், இமைக்காத இரு கண்கள், ஒரு கட்டளை, அடுத்த நொடியே தன்னை மறந்து எழுந்து நடக்கும் மனிதர். அறிதுயில் என்றவுடன் பலர் மனத்திலும் எழும் காட்சி இது. மேடையும் திரையும் தீட்டிய இச்சித்திரத்திற்கும், ஆய்வுக்கூடத்திலும் மருத்துவமனையிலும் காணப்படும் உண்மைக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. அத்தொலைவைச் சற்றே அளந்து பார்க்கிறது இக்கட்டுரை.

சொல் தரும் விளக்கம்

பாற்கடலில் பாம்பணைமீது பள்ளிகொண்ட திருமாலின் துயிலை அறிதுயில் என்பது தமிழ் மரபு. கண்கள் மூடியிருக்கும், அறிவு விழித்திருக்கும். நிகழ்வன யாவற்றையும் அறிந்துகொண்டே கொள்ளும் துயில் ஆதலின் அது அறிதுயில் ஆயிற்று. ஹிப்னாசிஸ் என ஆங்கிலத்தில் வழங்கும் மனநிலைக்குக் கலைச்சொல் தேடியோர் இப்பழஞ்சொல்லை எடுத்தாண்டது மிகப் பொருத்தமானது. சொல்லப்போனால், மூலச்சொல்லைக் காட்டிலும் தமிழ்ச்சொல்லே உண்மைக்கு நெருக்கமாக நிற்கிறது. ஹிப்னாசிஸ் என்பது உறக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்தது. அறிதுயிலோ உறக்கம் அன்று. அந்நிலையில் இருப்பவரின் மூளை மின்னலைகளைப் பதிவுசெய்து பார்த்தால், அவை உறங்குபவரின் அலைகளை ஒத்திருப்பதில்லை. விழித்திருப்பவரின் அலைகளையே பெரிதும் ஒத்திருக்கின்றன. தம்மிடம் பேசப்படுவதை அவர் கேட்கிறார். கேட்டதற்கு விடை கூறுகிறார். நடந்தவற்றைப் பின்னர் பெரும்பாலும் நினைவுகூரவும் செய்கிறார். கவனம் ஒன்றிலேயே குவிந்து, சுற்றுப்புறம் பின்னுக்குச் சென்று, சொல்லப்படும் கருத்தை மனம் உடனே ஏற்கும் நிலை அது. அவ்வாறு சொல்லப்படுவதைக் கருத்தேற்றம் என்பர்.

கிரேக்கச் சொல் மயக்கத்தை ஏற்படுத்தியது உண்மைதான். ஆயினும், தமிழ் வழக்கில் ‘வசியம்’ என்னும் சொல் செய்த தீங்கு அதனினும் பெரிது. வசியம் என்றால் ஒருவரை மற்றொருவர் தம் வயப்படுத்துதல் என்று பொருள். ஆற்றல் முழுவதும் வசப்படுத்துபவரிடம் இருக்கிறது. வசப்படுபவர் வெறும் பொம்மை என்னும் எண்ணத்தை அச்சொல்லே விதைத்துவிடுகிறது. அறிதுயிலைப் பற்றிய தவறான கருத்துகள் பலவற்றிற்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஆற்றல் யாரிடம்?

அவ்வேரைத் தேடிச் சென்றால் 18ஆம் நூற்றாண்டின் பாரிசு நகரம் தென்படும். வியன்னாவிலிருந்து அங்கு வந்து சேர்ந்த பிரான்ஸ் அன்டன் மெஸ்மர் (1734 – 1815) என்னும் மருத்துவர், உயிர்க்காந்தம் என்றொரு கொள்கையைப் பரப்பினார். கண்ணுக்குப் புலப்படாத பாய்மம் ஒன்று உலகெங்கும் நிறைந்துள்ளது. உடலில் அதன் ஓட்டம் தடைப்படுவதே நோய். அவ்வோட்டத்தைத் தம்மால் சீராக்க இயலும் என்பது அவர் கூற்று. இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த பெரிய மரத்தொட்டியைச் சுற்றி நோயாளர்கள் அமர்ந்தனர். சிலர் நடுங்கினர்; சிலர் அழுதனர்; சிலர் மயங்கி வீழ்ந்தனர்; நோய் நீங்கியது என மகிழ்ந்தோரும் உண்டு.

இதனை ஆராய 1784இல் மன்னர் பதினாறாம் லூயி ஒரு குழுவை அமைத்தார். அப்போது அமெரிக்கத் தூதராகப் பிரான்சில் இருந்த பெஞ்சமின் பிராங்க்ளின், வேதியியல் அறிஞர் லவாய்சியர், வானியல் அறிஞர் பெய்லி முதலியோர் அக்குழுவில் இடம்பெற்றனர். பிராங்க்ளின் தங்கியிருந்த வீட்டின் தோட்டத்தில் நிகழ்ந்த சோதனை ஒன்று எளிமையானது; ஆனால், தீர்க்கமானது. மெஸ்மரின் வழிவந்த மருத்துவர் ஒருவர் அங்கிருந்த ஆப்ரிகாட் மரத்திற்குக் காந்த ஆற்றலை ஏற்றியதாகக் கூறினார். கண் கட்டப்பட்ட 12 வயதுச் சிறுவன் ஒருவன் காந்தம் ஏற்றப்படாத வேறு நான்கு மரங்களிடம் ஒன்றன்பின் ஒன்றாக அழைத்துச் செல்லப்பட்டான். முதல் மரத்தருகிலேயே அவனுக்கு வியர்த்தது. நான்காம் மரத்தருகில் மயங்கி வீழ்ந்தான். காந்தம் ஏற்றிய மரமோ இருபது அடிக்கும் அப்பால் நின்றுகொண்டிருந்தது!

பாய்மம் என ஒன்றில்லை. விளைவுகள் அனைத்தும் கற்பனையால் வந்தவை எனக் குழு முடிவு கூறியது. முடிவு சரியே. ஆனால், கற்பனைதானே என்று ஒதுக்கியபோது ஒரு வினா கேட்கப்படாமலே நின்றுவிட்டது. எண்ணம் ஒன்றே ஒரு சிறுவனை மயங்கி விழச் செய்யும் எனில், அவ்வெண்ணத்தின் வலிமை ஆராயத்தக்கது அன்றோ?

அவ்வினாவைக் கையிலெடுத்தவர் கோவாவின் கண்டோலிம் ஊரில் பிறந்த பாதிரியார் ஃபரியா (1756 – 1819). 1813இல் அவர் பாரிசு நகரில் பொதுவகுப்புகள் நடத்தத் தொடங்கினார். கம்பியும் தொட்டியும் அவருக்குத் தேவைப்படவில்லை. எதிரில் இருப்பவரை அமைதியாக அமரச் செய்து, கண்களை மூடச் சொல்லி, ‘உறங்குக’ என்பார், அவ்வளவே. விளைவு தம்மிடமிருந்து செல்வதில்லை. ஆட்படுபவரின் மனத்திலேயே தோன்றுகிறது என்பதை அவர் வெளிப்படையாகக் கூறினார். தம் ஆற்றலை மறுத்துப் பேசும் வித்தகரை எந்த ஊர் எளிதில் ஏற்கும்? அவரைக் கேலிசெய்யும் நாடகம் பாரிசு நகர மேடையில் ஏறியது. அவருடைய நூல் வெளிவந்த 1819ஆம் ஆண்டிலேயே அவர் மறைந்தார். இன்று அவருக்குக் கோவாவின் பனாஜி நகரில், பழைய தலைமைச் செயலகத்தின் அருகே சிலை உண்டு. சாய்ந்து கிடக்கும் பெண் ஒருத்தியின்மீது இரு கைகளையும் நீட்டி, விரல்களிலிருந்து ஏதோ பாய்வதுபோல் அவர் நிற்கிறார். தம் கைகளிலிருந்து எதுவும் பாயவில்லை என்று வாழ்நாளின் இறுதிவரை சொன்ன மனிதருக்கு வாய்த்த சிலை அது!

ஃபரியா கூறியதை மெய்ப்பித்தவர் என ஸ்காட்லாந்தில் பிறந்த அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டைக் (1795 – 1860) கூறலாம். 1841இல் மான்செஸ்டர் நகரில் நடந்த காட்சி ஒன்றை ஏமாற்று வேலை என நிறுவும் நோக்குடனேயே அவர் காணச் சென்றார். ஆட்பட்டவரின் கண்ணிமைகள் உண்மையாகவே திறக்க இயலாது போனதைக் கண்டார். வீடு திரும்பியபின், நண்பர் ஒருவரைப் பாட்டிலின் கழுத்தையும், தம் மனைவியைச் சர்க்கரைக் கிண்ணத்தையும் உற்று நோக்கச் செய்தார். சிறிது நேரத்தில் இருவர் கண்களும் சோர்ந்து மூடின. காந்தப் பார்வை இல்லை. மந்திரக் கையசைவு இல்லை. ஒரு சர்க்கரைக் கிண்ணம் போதுமானதாக இருந்தது. 1843இல் அவர் எழுதிய நூலே ஹிப்னாடிசம் என்னும் பெயரை நிலைபெறச் செய்தது. அது உறக்கம் அன்று, ஓர் எண்ணத்தில் மனம் ஒன்றுதலே எனப் பின்னர் உணர்ந்து, அப்பொருள் தரும் புதுப்பெயர் ஒன்றை அவரே முன்மொழிந்தார். அதற்குள் பழைய பெயர் ஊரெங்கும் பரவிவிட்டது.

ஊக்ளி மருத்துவமனையில்

அதே காலத்தில் வங்காளத்தின் ஊக்ளியில் பணியாற்றிய ஆங்கிலக் கிழக்கிந்திய நிறுவன மருத்துவர் ஜேம்ஸ் எஸ்டெயில், 1845 ஏப்ரல் மாதம் கைதி ஒருவருக்கு அறுவை மருத்துவம் செய்ய நேர்ந்தபோது இம்முறையைக் கையாண்டார். அதற்குமுன் அவர் அதனை நேரில் கண்டதே இல்லை, படித்திருந்தார், அவ்வளவுதான். உணர்விழக்கச் செய்யும் மருந்துகள் எவையும் நடைமுறைக்கு வராத காலம் அது. கட்டி வளர்ந்து துன்புற்ற நோயாளரை நால்வர் இறுகப் பிடித்துக்கொள்ள, அவர் கதறக் கதற அறுவை நடைபெறும். எஸ்டெயிலின் நோயாளர் பலர் அசைவின்றிக் கிடந்தனர். அரசு குழு அமைத்து ஆராய்ந்தது; 1846இல் கல்கத்தாவில் இதற்கெனச் சிறு மருத்துவமனை ஒன்றும் அளிக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் பாஸ்டன் நகரில் ஈதரும், அடுத்த ஆண்டில் குளோரோஃபார்மும் அறுவை அரங்கினுள் நுழைந்தன. விரைவாகவும் அனைவருக்கும் ஒருபடித்தாகவும் பயன்தரும் மருந்து கிடைத்தபின், மணிக்கணக்கில் பொறுமையை வேண்டும் முறை பின்தங்கியது இயல்பே.

எஸ்டெயிலும் பாய்மக் கொள்கையை நம்பியவர்தாம். வங்காள மக்கள் இதற்கு எளிதில் ஆட்படும் தனி இயல்பினர் என்றும் அவர் எழுதினார். ஆளும் இனத்தார் ஆளப்படுவோரைப் பற்றி அக்காலத்தில் எழுதியவற்றுள் இதுவும் ஒன்று. ஆனால், அவருடைய மருத்துவமனையிலேயே அக்கொள்கைக்கு மறுப்பு இருந்தது. மணிக்கணக்கில் கையசைத்துச் சோர்ந்த அவர், விரைவிலேயே அப்பணியைத் தம் இளம் உதவியாளர்களிடம் ஒப்படைத்தார். இந்துக்களும் இசுலாமியருமான அவ்விளைஞர்கள் மருந்து கலக்குவோர், கட்டுப் போடுவோர். அவர்கள் கையிலும் அது பலித்தது. பெரும் ஆற்றல் படைத்த ஒருவர் வேண்டும் என்பது உண்மையானால், அது எவ்வாறு இயலும்?

யாருக்குக் கைகூடும்?

‘மனவலிமை குன்றியவர்களே ஆட்படுவர்; அறிவுடையோர் ஆட்படார்’ என்பது பரவலான நம்பிக்கை. ‘என்னை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது’ என்று பெருமையுடன் சொல்வோர் பலர். அப்பெருமைக்கு அடிப்படை இல்லை. 1959இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வைட்சென்ஹோபர், ஹில்கார்டு ஆகிய இருவரும் ஓர் அளவுகோலை உருவாக்கினர். அதில் 12 சிறு சோதனைகள் உண்டு. நீட்டிய கை கனத்துத் தாழ்கிறது எனச் சொல்லப்படும். கோத்த விரல்களைப் பிரிக்க இயலாது எனச் சொல்லப்படும். இல்லாத ஈ ஒன்று முகத்தருகே பறப்பதாகச் சொல்லப்படும். எத்தனைக்கு ஒருவர் இசைகிறாரோ அது அவருடைய மதிப்பெண். கருத்தேற்றம் செய்பவர் எவராயினும், சொல்லும் சொற்கள் அச்சிட்டவாறே ஒன்றாக இருக்கும்.

ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காட்டினர் மிக எளிதில் ஆட்படுகின்றனர், ஏறக்குறைய அதே அளவினர் சிறிதும் ஆட்படுவதில்லை, எஞ்சியோர் இடைநிலையினர். பட்டறிவு, கல்வி, ஆண் பெண் வேறுபாடு ஆகியவை பெரிதாகக் குறுக்கிடுவதில்லை. எதையும் எளிதில் நம்பும் ஏமாளித்தனத்தோடும் இதற்குச் சொல்லத்தக்க தொடர்பு காணப்படவில்லை. மாணவப் பருவத்தில் அளக்கப்பட்ட 50 பேரை 25 ஆண்டுகள் கழித்து மீண்டும் அளந்தபோது, அவர்களின் மதிப்பெண் பெரிதும் மாறாதிருந்தது. இசைச்செவி போல, இதுவும் ஆளுக்கு ஆள் கூடியும் குறைந்தும் அமைந்த ஓர் இயல்பு. ஆட்படாதவர் வலியவரும் அல்லர். ஆட்படுபவர் மெலியவரும் அல்லர்.

ஒரே ஓர் இயல்பு மட்டும் ஓரளவு துணைநிற்கிறது. புதினம் ஒன்றில் மூழ்கியிருக்கும் மகளுக்கு அடுக்களையிலிருந்து தாய் மூன்றுமுறை அழைத்தும் காதில் விழுவதில்லை. இசை கேட்கும்போதோ மலையடிவாரத்தில் நிற்கும்போதோ தன்னை மறப்பவர்கள் உண்டு. அத்தகையோர் அறிதுயிலுக்கும் எளிதில் ஆட்படக்கூடும் என ஜோசஃபின் ஹில்கார்டு விரிவான நேர்காணல்கள்வழிக் கண்டறிந்தார். குழந்தைகளுள் 8 முதல் 12 வயதினரிடம் இவ்வியல்பு மிகுந்து காணப்படுவதும் வியப்பன்று. கற்பனையில் திளைக்கும் பருவம் அது.

விருப்பத்திற்கு மாறாகவா?

மேடையில் நாய்போல் குரைப்பவரையும், பச்சை வெங்காயத்தை ஆப்பிள் எனக் கடித்துச் சுவைப்பவரையும் கண்டவர்கள், ‘இவரைக் கொலை செய்யச் சொன்னாலும் செய்வார் போலும்’ என அஞ்சுவது உண்டு. மேடைக்கு வருவோர் தாமாக முன்வந்தவர்கள். தொடக்கத்தில் விரல்களைக் கோக்கச் சொல்லும் சிறு சோதனையிலேயே இசையாதவர்கள் கீழே அனுப்பப்பட்டுவிடுவர். எஞ்சியோரை ஒளிவிளக்கும் கைதட்டலும் நடத்துகின்றன.

1965இல் ஆர்ன், ஈவன்ஸ் என்னும் ஆய்வாளர்கள் இவ்வச்சத்தைச் சோதித்தனர். நச்சுப்பாம்பைப் பிடிக்குமாறும், அமிலத்தில் கைவிடுமாறும், அவ்வமிலத்தை ஆய்வாளர்மீது வீசுமாறும் அறிதுயிலில் இருந்தோர் கேட்டுக்கொள்ளப்பட்டனர். பாதுகாப்பு ஏற்பாடுகள் மறைவாகச் செய்யப்பட்டிருந்தன. பெரும்பாலோர் முனைந்தனர்! இத்துடன் நிறுத்தியிருந்தால் அச்சம் உறுதியாகியிருக்கும். ஆனால், அறிதுயிலுக்கு ஆட்படாமல் ஆட்பட்டவர்போல் நடிக்கச் சொல்லப்பட்ட மற்றொரு குழுவும் அதையே செய்தது. ‘இது ஆய்வுக்கூடம், தீங்கு நேர விடமாட்டார்கள்’ என்னும் நம்பிக்கைதான் இரு குழுவினரையும் இயக்கியது. அறிதுயிலுக்கு மட்டுமே உரிய தனி ஆற்றல் எதுவும் அங்கு வெளிப்படவில்லை. எனினும், இதனை முழு ஆறுதலாகக் கொள்வதும் பிழை. நம்பத்தகாத ஒருவர்மீது வைக்கும் நம்பிக்கை, அறிதுயில் இன்றியே மனிதரைத் தீயவழியில் செலுத்த வல்லது.

நினைவு என்னும் கண்ணி

மேற்கண்ட பிழையான எண்ணங்கள் நகைப்பிற்கு இடமளிப்பவை எனலாம். ஒன்று மட்டும் அத்தகையதன்று. மறந்துபோன நிகழ்வை அறிதுயில் அப்படியே மீட்டுத்தரும் என்னும் நம்பிக்கை மனிதர்களின் வாழ்வைக் குலைத்திருக்கிறது.

1976இல் கலிஃபோர்னியாவின் சௌச்சில்லா என்னும் ஊரில் 26 பள்ளிக் குழந்தைகள் தம் பேருந்து ஓட்டுநருடன் கடத்தப்பட்டனர். கல்குவாரி ஒன்றில் மண்ணுள் புதைக்கப்பட்ட வண்டியிலிருந்து அவர்கள் தாமே தப்பினர். அறிதுயிலில் ஆழ்த்தப்பட்ட ஓட்டுநர், கடத்தியோரின் ஊர்தி எண்ணைப் பெரும்பாலும் சரியாக நினைவுகூர்ந்தார். அச்செய்தி பரவவே, சாட்சிகளை அறிதுயிலில் ஆழ்த்தி வினவும் வழக்கம் அமெரிக்கக் காவல்துறையினரிடையே பெருகியது. ஒரு வெற்றி பல தோல்விகளை மறைத்துவிடும் என்பதற்கு இதுவே சான்று.

மனித நினைவு பேழையுள் பூட்டிவைத்த ஓலைச்சுவடி அன்று. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் அது புதிதாகப் பின்னப்படுகிறது. அறிதுயிலில் மனம் கற்பனைக்கு அகலத் திறந்திருக்கும். கேட்பவரின் வினாவிலேயே விடைக்கான குறிப்பு இருந்துவிட்டால், அது நினைவாகவே பின்னப்பட்டுவிடும். 1983இல் வெளியான ஆய்வு ஒன்றில், எளிதில் ஆட்படும் 27 பேரிடம், குறிப்பிட்ட ஓர் இரவில் பேரொலி கேட்டு விழித்தீர்களோ என்னும் பொருள்பட அறிதுயிலில் கருத்தேற்றம் செய்யப்பட்டது. அவ்விரவு அமைதியாகவே கழிந்ததாக அவர்கள் முன்னரே சொல்லியிருந்தனர். பின்னர், 13 பேர் அவ்வொலி உண்மையாகவே கேட்டது என நம்பினர். ஐயத்தோடு நின்ற சாட்சி அறிதுயிலுக்குப்பின் உறுதியோடு பேசுவார். அவ்வுறுதி வழக்குமன்றத்தில் எடுபடும். குற்றம் செய்யாத ஒருவர் சிறை செல்வார். அறிதுயிலால் மீட்கப்பட்ட நினைவு சாதாரண நினைவைக் காட்டிலும் நம்பத்தக்கதன்று என 1985இல் அமெரிக்க மருத்துவக் கழகம் அறிக்கை வெளியிட்டது. அதற்கு முன்பே, 1982இல், அறிதுயிலுக்குப்பின் அளிக்கப்படும் சாட்சியத்தைக் கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் விலக்கியிருந்தது. முற்பிறவியை நினைவூட்டுவதாகக் கூறிக் கட்டணம் பெறுவோரிடம் கிடைப்பதும் இவ்வாறு பின்னப்பட்ட கதையே. கேட்பவருக்கு அது மெய்யெனத் தோன்றுவதில் வியப்பில்லை. மெய்யெனத் தோன்றச் செய்வதுதான் கருத்தேற்றத்தின் இயல்பு.

மருத்துவத்தில் அறிதுயில்

பொய்களை விலக்கியபின் எஞ்சுவது சிறிதன்று. 1955இல் பிரித்தானிய மருத்துவச் சங்கமும், 1958இல் அமெரிக்க மருத்துவக் கழகமும் அறிதுயிலுக்கு மருத்துவத்தில் இடம் உண்டு என ஏற்றன. பிரெய்டு வாழ்ந்த அதே மான்செஸ்டர் நகரில் மருத்துவர் வோர்வெல், குடல் எரிச்சல் நோயால் நெடுநாள் துன்புற்ற 30 பேரிடம் மேற்கொண்ட ஆய்வு 1984இல் வெளிவந்தது. பிற மருந்துகள் கைவிட்ட இடத்தில் அறிதுயில் பயன்தந்தது. வலியைப் பொறுத்தவரை 1997ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று சுவையானது. வெந்நீரில் கைவைத்தோரிடம், அவ்வலியால் வரும் துன்பம் கூடுகிறது, குறைகிறது எனக் கருத்தேற்றம் செய்து மூளையைப் படம்பிடித்தனர். சுடுகிறது என்னும் புலனுணர்வைப் பதிவுசெய்யும் பகுதியில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அது துன்பமாகத் தோன்றுவதோடு தொடர்புடைய பகுதியின் இயக்கமே மாறியது. நடிப்பாக இருப்பின் மூளையின் படத்தில் இத்துணை நுட்பமான வேறுபாடு தோன்றியிராது.

புகைப்பழக்கத்தை ஒரே அமர்வில் ஒழிப்பதாகச் சொல்லும் விளம்பரங்களுக்கு இத்தகைய சான்று இல்லை. மாயத்தோற்றமும் மாயக்குரலும் கொண்ட கடும் மனநோய் உடையோருக்கு இம்முறை பொருந்தாது. மருத்துவமோ உளவியலோ முறையாகக் கற்காதவர் அறிதுயிலை மட்டும் கற்றுக்கொண்டு நோய்தீர்க்கப் புகுவது, கத்தி பிடிக்கத் தெரிந்தவர் அறுவை செய்யப் புகுவதை ஒத்தது.

பெல்ஜியம் நாட்டின் லியேழ் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1992 முதல் தைராய்டு உள்ளிட்ட அறுவைகள் பலவற்றை முழு மயக்கமின்றிச் செய்துவருகின்றனர். அறுக்கும் இடத்தில் மட்டும் மரத்துப்போகும் ஊசி, சிறிதளவு அமைதியூட்டும் மருந்து, இவற்றோடு அறிதுயில். ஆயிரக்கணக்கானோர் இவ்வாறு அறுவை செய்துகொண்டுள்ளனர். தம் வாழ்வில் இனிமையாகக் கழிந்த நாள் ஒன்றை நோயாளரே முன்கூட்டித் தேர்ந்தெடுக்கிறார். கடற்கரையாகவோ, பிறந்த ஊரின் தெருவாகவோ அது இருக்கலாம். கழுத்தருகே அறுவை நிகழும்போது மருத்துவர் தாழ்ந்த குரலில் அந்நாளுக்குள் அவரை அழைத்துச் செல்கிறார். வலி தோன்றினால் அவர் சொல்லலாம். போதும் என்றால் போதும். உடனே முழு மயக்க மருந்துக்கு மாறிக்கொள்வர். அறுவை முடிந்ததும் அவர் கண்விழித்து, தையலிட்டவரிடமே எத்தனை நாளில் வீடு திரும்பலாம் என வினவுகிறார்.